நடிச்சுக்கிட்டே இயக்குறவங்க: நீங்க கண்ணால பாத்தது என்ன?

கொட்டகலை சவுண்ட்:

லயத்துக் காட்சி, தோட்டத் தொழிலாளருங்க இருக்கிற வரிசை வீடு. அப்பா வேசம் கட்டுனவர்தான் கதை, வசனம், இயக்கம் எல்லாம். மக "கொழும்புக்கு வேலைக்குப் போறேன்ப்பா"ன்னு சொல்ற இடம். அந்தப் புள்ளைக்கு கண்ணுல தண்ணி நிக்குது, குரல் சரியான எடத்துல ஒடையுது. ஹெட்போன்ல கேக்கிறப்பவே இதான் டேக்னு தெரிஞ்சிருச்சி. மொனிட்டரைப் பாத்தா அவரோட ஒதடு அசையுது. மக பேசுற வசனத்தை அப்பாவும் சத்தமில்லாம கூடவே சொல்றாரு. ரெண்டு பேரும் ஒரே ஃபிரேம்ல. அடுத்த டேக்ல அவரு வாயைக் கட்டிட்டாரு, ஆனா புள்ளைக்குக் கண்ணீர் வரல. மூணாவதுலயும் வரல. மொத டேக்கை எறிய வேண்டியதாப் போச்சி, அதுதான் இன்னும் உறுத்துது.

வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதுறவங்களுக்கு இது கட்டாயம் வரும். மத்தவங்க பேசுறப்ப "சரியா சொல்றாங்களா"ன்னு மனசு சரி பாக்கும், ஒதடு அது பின்னாலயே போகும். கைக்கு வேலை குடுத்தா நிக்கும். அன்னைக்கு உதவியாளர் தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியும் தீட்டுக்கல்லும் குடுக்கப் பாத்தாரு. அது வேலைக்காகாது, வசனத்து மேல கரகரன்னு விழுந்துரும். வெத்தலை நரம்பு கிள்ளுறது, கொழுந்து பறிக்கிறவங்க இடுப்புல கட்டுற படங்கை மடிக்கிறது, இப்படிச் சத்தமில்லாத வேலையாப் பாக்கணும். படங்கும் சாக்கா இருக்கணும், ரெக்சின்னா சரசரக்கும்.

மஸ்கெலியா தப்பு:

தம்பி, இயக்குறவர் உள்ளயே நிக்கிறது நமக்குப் புதுசு இல்ல. மாசி அமாவாசை கழிச்சி மூணாம் நாள் கம்பம் ஊன்றி, பௌர்ணமிக்குத் தகனம் வரைக்கும், மன்மதனைச் சிவன் எரிக்கிற காமன் கூத்து ஆடுறோமே, அதுல பாட்டு சொல்லிக் குடுக்கிற வாத்தியாரே வேசமும் கட்டுவாரு.

ஒரு வாத்தியார் தூதனா வந்தாரு. சிவன் தவத்தைக் கலைக்கக் கிளம்புற மன்மதனைப் போக வேணாம்னு ரதி தடுக்கிற கட்டம். ரதி கட்டுன பையனுக்குப் பாட்டு அடியோட மறந்து போச்சி. சனம் சுத்தி உக்காந்திருக்கு, பனி இறங்குது, தப்பு மேளம் மட்டும் ஓடுது. வாத்தியார் தூதனாவே நடந்து வந்து, "ஏம்மா, புருசன் போற வழியை மறிக்கவா வந்தே?"ன்னு கேட்டாரு. அந்தக் கேள்விக்குள்ளயே பாட்டோட மொத வார்த்தை இருந்திச்சி. பையன் புடிச்சிக்கிட்டான். தப்புக்காரங்களுக்கு வாய் தெறக்கல, குதிகாலைத் தூக்கி ரெண்டு தரம் அடிச்சாரு. அவங்க அதே அடியைத் திருப்பி வாசிச்சி நின்னாங்க. கூட்டத்துல ஒருத்தருக்கும் தெரியாது.

இன்னொண்ணு. பனியில தப்புத் தோல் தொய்ஞ்சிரும். ஓரத்துல நெருப்பு அணையாம இருக்கணும். ரொம்பக் காட்டினாலும் தோல் வெடிச்சிரும், விரலால தட்டி "கிண்"ணுன்னு கேட்டதும் எடுத்துரணும். அந்த வாத்தியார் ஆடிக்கிட்டே இதையும் கேட்டுக்கிட்டு இருந்தாரு. ஒரு தப்புல சத்தம் மங்குனா அவரு பார்வை நெருப்புப் பக்கம் போகும், ஒரு ஆளு எழும்பிப் போவான்.

பண்டாரவளை எடிட்டர்:

அண்ணே, வாத்தியாருக்கு மரியாதை. ஆனா கூத்தையும் கமராவையும் ஒண்ணாக்காதீங்க. கூத்துல பார்வை நெருப்புப் பக்கம் போனா தூதன் பாக்கிறான்னு சனம் எடுத்துக்கும். க்ளோசப்ல அந்தப் பார்வை படத்தையே கெடுத்துரும்.

எடிட் மேசையில கண்டது ஒண்ணு. நடிச்சவரே "கட்" சொல்ற படம். ஒவ்வொரு டேக்லயும் எதிர்ல நிக்கிற அம்மா கடைசி வார்த்தையை முடிக்கிறதுக்கு முன்னாலயே அவரு மொகம் மாறிருது. மகன் போயிட்டான், இயக்குநர் வந்துட்டாரு. செக்கனுக்கு 25 ஃபிரேம்னா, பத்துப் பன்னெண்டு ஃபிரேம் முன்னால. அதைவிட மோசம், அந்த அம்மா அதைப் பாத்துடறாங்க. அவங்க கண்ணுல "நான் சரியாச் செஞ்சேனா"ன்னு ஒரு கேள்வி வருது. அந்தக் கட்டத்துல வெட்டி ஒட்ட ஒண்ணுமே இல்ல.

அதனால இந்த வேலைக்கு எறங்குறவங்களுக்குச் சொல்றேன். "கட்" சொல்ற உரிமையை மொதல்ல விட்டுக் குடுங்க. வசனப் பிரதியைக் கையில வச்சிருக்கிற ஒருத்தர் கடைசி வார்த்தைக்கு அப்புறம் அஞ்சு எண்ணிட்டுச் சொல்லணும். அந்த அஞ்சு செக்கன்லதான் எடிட்டருக்கு நல்லது கிடைக்கும். கிட்டத்தட்ட உங்க உயரத்துல ஒரு ஆளை உங்க எடத்துல நிப்பாட்டி லைட், ஃபோகஸ் ரெண்டையும் முடிங்க, அப்ப மட்டும்தான் நீங்க கமராவுக்குப் பின்னால நிக்க முடியும். ஒவ்வொரு டேக்கையும் ஓட்டிப் பாக்காதீங்க. நல்லா வந்ததுன்னு உதவியாளர் சொல்றதை மட்டும் ரெண்டு தரம் பாருங்க: மத்தவங்களுக்காக ஒரு தரம் சத்தத்தோட, உங்களுக்காக ஒரு தரம் சத்தமில்லாம. சத்தத்தை எடுத்தாத்தான் ஒதடும் கண்ணும் காட்டிக் குடுக்கும்.

பிரதியைப் படப்பிடிப்புக்கு ரெண்டு நாள் முன்னாலயே பூட்டிருங்க. அதுக்கப்புறம் வெட்டலாம், சேக்கக் கூடாது. ராத்திரி ராத்திரியா திருத்துறவங்களுக்கு அடுத்தவங்க வசனம் தண்ணியாப் பாடம், சொந்த வசனத்துலதான் பழைய வரியும் புது வரியும் சிக்கும். வாசிச்சிப் பாக்கிறப்ப உங்க பாத்திரத்தை வேற ஒருத்தர் வாசிக்கட்டும். அதைப் போன்ல பதிஞ்சி, பேப்பர் இல்லாம கேளுங்க. உங்களுக்குன்னு எழுதிக்கிட்ட நீளமான பேச்சு எவ்வளவு நீளம்னு அப்பத்தான் காதுல விழும். ஒரு காட்சியில உங்க க்ளோசப்பை எப்பவும் கடைசிக்கு வையுங்க, மத்தவங்க சோர்ந்து போறதுக்கு முன்ன அவங்களோடது முடியட்டும்.

அந்தப் பிரதி புடிக்கிற ஆளைச் சின்ன வேலைக்காரரா நெனைக்காதீங்க. பாக்யராஜ் பாரதிராஜாகிட்ட உதவியாளரா இருந்து, சின்னச் சின்ன வேசம் போட்டு, 1979ல சொந்தப் படம் எடுத்தாரு. அவருகிட்ட இருந்த பார்த்திபன் 1989ல நடிச்சி இயக்க வந்தாரு. நடிக்கவும் எழுதவும் இயக்கவும் செய்யிற ஆளுங்க அந்த எடத்துல இருந்துதான் வாறாங்க.

அட்டன் கமரா:

க்ளோசப் கடைசிக்குங்கிறதை மட்டும் ஏத்துக்க முடியாது. கொழும்புல சரி. நம்ம பக்கம் பகல் ரெண்டு மணி தாண்டினா மூடுபனி எப்ப இறங்கும்னு சொல்ல ஏலாது. தேயிலை மலைக் காட்சி ஒண்ணுல மத்தவங்களோடது எல்லாம் வெயில்ல முடிஞ்சி, அவரோட க்ளோசப்புக்கு நிக்கிறப்ப பின்னால இருந்த மலையே காணாமப் போச்சி. ரெண்டையும் ஒட்ட முடியல. வெளிக்காட்சின்னா காலையிலயே, பின்னணி தெரியிறப்பவே, ரெண்டு பக்கத்தையும் அகலமா எடுத்துருங்க. க்ளோசப்பைப் பின்னால இஸ்தோப்புலயோ (வாசல் திண்ணை) மரத்தடியிலயோ வச்சிக்கூட எடுத்துக்கலாம். ஈர மண்ணுல டேப் ஒட்டாது, நிக்கிற எடத்துக்கு கவ்வாத்துக் குச்சியைக் குத்தி வையுங்க.

காம்பரா, அதாவது லயத்து அறை, பத்துக்குப் பன்னெண்டு அடி. ரெண்டு நடிகர், கமரா, மைக் ஆள் உள்ள போனா மொனிட்டருக்கு எடமே இல்ல, அது இஸ்தோப்புக்கு வந்துரும். உள்ள நடிக்கிற இயக்குநருக்கு ஒண்ணும் தெரியாது. அங்க வெளிய நிக்கிற ஒருத்தரோட கண்ணை நம்பியே ஆகணும். காலைக் குளிர்ல வெளிய எடுத்த கமராவை அப்படியே அடுப்பெரியிற காம்பராவுக்குள்ள கொண்டு போனா லென்ஸ் வேர்த்திரும். பையை மூடினபடி அரை மணித்தியாலம் உள்ள வச்சி அப்புறம் தெறங்க.

கொட்டகலை சவுண்ட்:

தகரத்தையும் சேத்துக்குங்க. மழை தகரக் கூரையில விழ ஆரம்பிச்சா எந்த மைக்கும் காப்பாத்தாது. வழிகாட்டியா மட்டும் பதிஞ்சிட்டு, மழை விட்டதும் அதே காம்பராவுல, அதே ஆளுங்களை வச்சி வசனத்தை மட்டும் ஒடனே பதியணும். நாள் தள்ளிப் போனா அந்த உணர்ச்சி திரும்ப வராது. இயக்குநரே நடிகர்ங்கிறதால அவரு ஒடனே அடுத்த ஷாட்டுக்கு ஓடிருவாரு, புடிச்சி உக்கார வைக்க ஒரு ஆளு வேணும். காம்பராவோட வெறும் சத்தம் ஒரு நிமிசமும் எடுத்து வையுங்க.

பதுளை எழுத்து:

செட்டுக்கு வெளிய நடந்ததையும் சொல்லணும். பாடசாலை மண்டபத்துல ஒரு குறும்படம் போட்டாங்க. எழுதி, இயக்கி, நடிச்சவரு முன்வரிசையில உக்காந்திருந்தாரு. பேர் ஓடுறப்ப நடிகர்கள்ல ஒருத்தரா மட்டும் வந்தாரு. கதை, வசனம்னு காசு போட்டவரோட பேரு. அவரு கை தட்டிக்கிட்டே இருந்தாரு. அந்தக் கை தட்டலை மறக்க முடியல.

மூணு வேலைக்கும் சேத்து ஒரு தொகை பேசுறதுலதான் இது தொடங்குது. எழுத்து, இயக்கம், நடிப்பு மூணையும் மூணு வரியா, மூணு தொகையா எழுதி வாங்குங்க, தொகை சின்னதா இருந்தாலும் பரவால்ல. நம்ம இலங்கையோட 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச்சொத்துச் சட்டப்படி எழுதினவருக்குத்தான் மொத உரிமை, ஆயுள் முழுக்கவும் அதுக்கப்புறம் 70 வருசமும். உரிமையை மாத்திக் குடுக்கணும்னா எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். ஆனா சம்பளத்துக்கு வேலை செய்றப்ப எழுதினதுன்னா, வேற ஒப்பந்தம் இல்லாட்டி அது முதலாளிக்குப் போயிரும். அதனால "ஊழியர்"ங்கிற சொல் ஒப்பந்தத்துல எங்க இருக்குன்னு பாருங்க. ஒவ்வொரு வரைவையும் திகதியோட உங்க மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்க.

பண்டாரவளை எடிட்டர்:

அட்டன் அண்ணே, வெளிக்காட்சியில நீங்க சொல்றது சரி. உள்காட்சிக்கு என் பேச்சையே வச்சிக்கிறேன்.

ஒண்ணு விட்டுப் போச்சி. நடிப்புத்தான் சாப்பாடுன்னு இருக்கிறவங்க சொந்தப் படத்துக்குத் தாடி வளப்பாங்க. நடுவுல ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்குக் கூப்பிடுவாங்க, வேணாம்னு சொல்ல முடியாது, சவரம் பண்ணிருவாங்க. எடிட்ல ஒரே காட்சிக்குள்ள ரெண்டு தாடி. மத்த நடிகர்களோட திகதிக்காகத் தன்னோட காட்சிகளைச் சிதற விடுறதால வர்ற வினை இது. உங்க காட்சிகளை மொதல்ல அடுத்தடுத்த நாள்ல அடுக்குங்க. ஒவ்வொரு காட்சி முடிஞ்சதும் முன்னால, ரெண்டு பக்கம், பின்னால நாலு போட்டோ, காட்சி இலக்கம் எழுதின அட்டையோட. அடுத்த நாளு கமரா ஓட முன்ன அதைப் பாக்கிறதும் பிரதி புடிக்கிற ஆளோட வேலை.