ஆர்க்கம் ஹாரர் கார்டு கேம்: எக்ஸ்பியை (அனுபவப் புள்ளிகளை) எதில் செலவழித்தீர்கள்?

முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ஒரே அணியாக ஆடும் இந்தக் கார்டு ஆட்டத்தை நானும் தங்கையும் சேர்ந்து ஆடுகிறோம். என் பாத்திரம் ரோலண்ட் பாங்க்ஸ், அவளுடையது டெய்சி வாக்கர். 2021-இல் வந்த திருத்திய கோர் செட் (அடிப்படைப் பெட்டி), அதிலுள்ள மூன்று பாகக் கேம்பெயின் (தொடர்கதை); ஒவ்வொரு பாகமும் ஒரு சினாரியோ. பழைய 2016 செட்டில் பெரும்பாலான கார்டுகள் ஒரே ஒரு பிரதிதான். இதில் இரண்டிரண்டு இருப்பதால் டெக்கை, அதாவது நம் கார்டுக் கட்டைத் திட்டமிட்டுக் கட்ட முடிகிறது.

ஒரு சினாரியோ முடிந்ததும் நாங்கள் உடனே எக்ஸ்பியைக் கொடுத்துப் புதுக் கார்டு வாங்க உட்காருவதில்லை. இப்போது ஆடியதில் எங்கே திணறினோம் என்று இருவரும் பேசிக்கொள்வோம். எக்ஸ்பி அந்த ஓட்டையை அடைக்கத்தான் போகும், மின்னுகிற கார்டுக்குப் போகாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

முதல் சினாரியோவின் கடைசியில் வருகிற கூல் (பிணந்தின்னிப் பேய்) பூசாரி என்ற எதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஆடினால் அதற்கு உயிர் 10. சண்டை எண் 4. யாருக்குச் சண்டை பலம் அதிகமோ அவரைத்தான் துரத்தும், அதாவது ரோலண்டை. நாம் அடித்துத் தவறினால் உடனே திருப்பி அடிக்கும்; ஒவ்வோர் அடியிலும் 2 சேதம், 2 திகில். ரோலண்டின் மனவலிமையோ (திகிலைத் தாங்கும் அளவு) வெறும் 5. மூன்றாவது அடியோடு ஆள் காலி.

ரோலண்டின் சண்டை 4, கையில் மச்செட்டி இருந்தால் 5. ஒவ்வோர் அடிக்கும் பையிலிருந்து ஒரு டோக்கன் எடுத்து அதன் எண்ணை நம் சண்டையோடு கூட்டுவோம்; மொத்தம் எதிரியின் சண்டை எண்ணை எட்டினால் வெற்றி. ஸ்டாண்டர்ட் (சாதாரணக் கடினநிலை) பையில் 16 டோக்கன். வேறு கூல் எதுவும் அங்கே இல்லாத நிலையில், அந்தப் பையில் ஆறு டோக்கன்கள் நம்மைத் தோற்கடிக்கும்: இரண்டு -2, ஒரு -3, ஒரு -4, பலகைச் சின்னம், அப்புறம் தானாகத் தோற்கும் டோக்கன். பீட் காப் (ரோந்துக் காவலர்) என்ற துணைவர் கார்டு பக்கத்தில் நின்றால் சண்டை 6 ஆகிறது, தோற்கடிக்கும் டோக்கன் மூன்றாகக் குறைகிறது. ஒரே ஒரு புள்ளிதான், ஆனால் ஆபத்து பாதியாகிவிடுகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு பீட் காப் மேல் எனக்குத் தனி மரியாதை.

அவருடைய சொந்தத் துப்பாக்கி .38 ஸ்பெஷல் இருக்கிறதே என்று கேட்கலாம். அது கிளூ (துப்பு) உள்ள இடத்தில் +3 தரும், இல்லாத இடத்தில் +1 மட்டும். பூசாரி வந்து நிற்கும் நடைக்கூடத்தில் கிளூவே கிடையாது. மற்ற இடங்களில் அது அருமையான ஆயுதம். அதனால்தான் கூல் வரும்போதெல்லாம் தங்கை, "அண்ணா, இந்தக் கடைசிக் கிளூவை எடுத்துடட்டுமா, விட்டு வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவாள். அவள் விட்டு வைத்தால் என் துப்பாக்கிக்குப் பலம், கொன்றதும் ரோலண்டின் திறனால் அந்தக் கிளூவும் எனக்கு வரும். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடங்கள் இவைதான்.

சரி, எக்ஸ்பி வந்தது. பரண், நிலவறை என்ற இடங்களுக்குத் தலா 1, பூசாரிக்கு 2, முடிவைப் பொறுத்துக் கொஞ்சம் கூடுதல். ஷாட்கன் லெவல் 4 கண்ணில் பட்டது. ஒரே அடியில் 5 சேதம் வரை போகும். ஆனால் இறக்க 5 ரிசோர்ஸ் (ஆட்டக் காசு) வேண்டும், அதாவது ஆட்டத் தொடக்கத்தில் கையில் இருக்கும் மொத்தமும். இரண்டு கையையும் அடைத்துக்கொள்ளும், குண்டு இரண்டுதான். நான் பீட் காப்பை லெவல் 2-க்கு ஏற்றினேன். லெவல் வித்தியாசத்தை மட்டும் எக்ஸ்பியாகக் கட்டினால் போதும் என்பதால் ஒரு பிரதிக்கு 2 எக்ஸ்பி. பழைய பீட் காப்பை ஒரு சேதத்துக்காக விட்டுக்கொடுக்க வேண்டும். புதியவர் தன் மேல் ஒரு சேதத்தை வாங்கிக்கொண்டு எதிரிக்கு ஒன்று கொடுப்பார், அடுத்த சுற்றிலும் கொடுப்பார். அதற்கு டோக்கன் எடுக்க வேண்டியதில்லை. டோக்கன் இல்லையென்றால் தவறுவதும் இல்லை, பூசாரி மாதிரி ஆட்களிடம் திருப்பி அடி வாங்குவதும் இல்லை.

இரண்டாம் சினாரியோவில் சண்டையை விடப் பேச்சுவார்த்தை முக்கியம். ஹெர்மன் காலின்ஸ் என்ற எதிரியை மடக்கக் கையிலிருந்து 4 கார்டை எறிய வேண்டும். விக்டோரியா டெவரோவுக்கு 5 ரிசோர்ஸ். துப்பாக்கிக்கே காசு போதாத ரோலண்டால் இரண்டும் முடியாது. டெய்சி பழைய புத்தகங்களைப் புரட்டிக் கார்டு எடுத்துக்கொண்டே இருப்பாள், டாக்டர் மிலன் என்ற துணைவர் கார்டு கூட இருந்தால் ஒவ்வொரு வெற்றிகரமான தேடலுக்கும் ஒரு ரிசோர்ஸ் வரும். அதனால் அந்த இருவரும் அவள் பொறுப்பு என்று முன்பே பிரித்துக்கொண்டோம். தங்கை தன் எக்ஸ்பியில் முதலில் பூதக்கண்ணாடியை லெவல் 1-க்கு மாற்றினாள், செலவு 1. காசில்லாமல் இறக்கலாம், கிளூ தீர்ந்த இடத்தில் கைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு புத்தகத்துக்கு இடம் விடலாம். சின்ன மாற்றம்தான், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பயன்பட்டது.

உங்கள் டெக்கில் எது முதலில் ஏறியது? ஜோடி யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அது இல்லாமல் அப்கிரேடைப் பற்றிப் பேசவே முடியாது.

* * *

ஜோடி பற்றிச் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நான் ஆக்னஸ் பேக்கர், என் கணவர் ரோலண்ட். டன்விச் கேம்பெயின் ஆடுகிறோம், எட்டு சினாரியோ. நீளமான கேம்பெயின் என்பதால் எக்ஸ்பியைச் சேர்த்து வைத்துப் பெரிதாக வாங்கலாமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். என் பதில்: சேர்க்காதீர்கள். ஷ்ரிவலிங் என்ற தாக்கும் மந்திரத்தை லெவல் 0-இலிருந்து 3-க்கு ஏற்ற 3 எக்ஸ்பி, பிறகு 5-க்கு ஏற்ற 2. நேராகப் போனாலும் மொத்தம் 5, படிப்படியாகப் போனாலும் 5. அப்படியிருக்க, நடுவில் சில சினாரியோக்களைப் பலவீனமான மந்திரத்தோடு ஏன் ஆட வேண்டும்?

லெவல் 3 ஷ்ரிவலிங், மன உறுதிக்கு (மந்திரத்தால் அடிக்கும்போது சண்டைக்குப் பதிலாக வரும் எண்) +2 தருகிறது. ஆக்னஸுக்கு ஏற்கெனவே 5, ஆக 7. இன்னொன்று, டோக்கனில் கெட்ட சின்னம் வந்தால் ஷ்ரிவலிங் ஒரு திகிலைக் கொடுக்கும், அதற்கு மற்றவர்கள் பயப்படுவார்கள். ஆக்னஸ் மேல் திகில் விழுந்தால் அவள் அதே இடத்தில் நிற்கும் எதிரிக்கு ஒரு சேதம் தருவாள், சுற்றின் ஒரு கட்டத்துக்கு ஒருமுறை. எங்கள் வீட்டில் அந்தச் சின்னம் வந்தால் இருவரும் கைதட்டுவோம். உயிர் 6-தான், அதனால் அடி வாங்கும் வேலை கணவருடையது. அவருடைய டெக்கில் பீட் காப் இரண்டும் லெவல் 2 ஆனது எனக்கும் சேர்த்துத்தான்.

* * *

ஒரு சின்ன விஷயம், புதியவர்களுக்கு. லெவல் 0 கார்டை இன்னொரு லெவல் 0 கார்டாக மாற்றவும் 1 எக்ஸ்பி ஆகும். அதனால் முதல் 30 கார்டை அவசரமாக அடுக்காதீர்கள். ரோலண்ட் கட்டுகிறவர்கள் அவருடைய பலவீனக் கார்டு 'கவர் அப்'பை மனதில் வைத்துக் கட்டுங்கள். அதன் மேல் உள்ள மூன்று கிளூவை ஆட்டம் முடிவதற்குள் கழிக்காவிட்டால் ஒரு மனக்காயம், அது கேம்பெயின் முடியும்வரை கூடவே வரும். நான் இதற்காகவே 'வொர்க்கிங் எ ஹன்ச்' இரண்டு பிரதி வைக்கிறேன். சோதனை இல்லாமல் ஒரு கிளூ எடுக்கலாம், ஆக்‌ஷனும் செலவாகாது. எந்த அப்கிரேடு வந்தாலும் அந்த இரண்டை மட்டும் டெக்கிலிருந்து எடுப்பதில்லை.