பீஜாப்பூர் கோல் கும்பாஸ்: நடுவுல ஒரு தூண் கூட இல்லாம அவ்ளோ பெரிய டோம் எப்படி நிக்குது?

ஓசூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். வர்ற லீவுல குடும்பத்தோட கர்நாடகாவுல பாதாமி, ஐஹொளே, பட்டதகல் போறோம், அப்படியே பீஜாப்பூரும் (இப்ப விஜயபுரான்னு பேர் மாத்திட்டாங்க) ஒரு நாள் பாத்துட்டு வரலாம்னு பிளான். கோல் கும்பாஸ் பத்தி தேடினா எல்லா வீடியோவுலயும் ஒரே விஷயம்தான், இந்தப் பக்கம் குசுகுசுன்னு பேசினா அந்தப் பக்கம் கேக்கும், கை தட்டினா ஏழு தடவை திரும்ப வரும், அதோட முடிச்சிடறாங்க. ஒருத்தர் இது மறைஞ்சு போன டெக்னாலஜி, இன்னைக்கு யாராலயும் கட்டவே முடியாதுன்னு வேற அடிச்சு சொல்றார்.

பொண்ணு எட்டாவது படிக்கிறா, கூட உக்காந்து போட்டோ பாத்துட்டு இருந்தவ திடீர்னு கேட்டா: "அப்பா, கீழ ரூம் சதுரமா இருக்கு, மேல டோம் வட்டமா இருக்கு, அப்ப நாலு மூலையில அந்த வட்டம் எது மேல உக்காந்திருக்கு?" எனக்கு சத்தியமா பதில் தெரியல. யாரோட சமாதி, ஏன் இவ்ளோ பெருசா கட்டினாங்க, எப்படி நிக்குது, தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க. அவளுக்குப் புரியற மாதிரி இருந்தா ரொம்ப நல்லது.

சுண்ணாம்புக்காரவை

சார், உங்க பொண்ணு கேட்டதுதான் அந்தக் கட்டடத்தோட உயிர் கேள்வி. எங்க அப்பா கொத்தனார், நான் சிவில் முடிச்சிட்டு பழைய கட்டட ரிப்பேர் வேலையில இருக்கேன், கோல் கும்பாஸ் ரெண்டு தடவை போயிருக்கேன். முதல் தடவை போனப்ப எல்லாரும் மேல போய் கத்திட்டு இருந்தாங்க, நான் கீழ ஹால்ல ஒரு மூலையில நின்னு முக்கால் மணி நேரம் அண்ணாந்து பாத்துட்டே இருந்தேன், கழுத்து பிடிச்சிக்கிச்சு.

முதல்ல அளவு. உள்ள ஹால் பக்கத்துக்கு ஏறக்குறைய 41 மீட்டர் சதுரம். டோமோட உள் விட்டம் கிட்டத்தட்ட 38 மீட்டர், வெளி விட்டம் 44, அதாவது டோம் சுவரோட கனம் மட்டும் அடியில 3 மீட்டர். மூணு பஸ்ஸை ஒண்ணு பின்னாடி ஒண்ணு நிறுத்தினா உள்ள அடங்கிடும், அவ்ளோ அகலத்துல நடுவுல ஒரு தாங்கல் கிடையாது.

இப்ப மூலை விஷயம். பொண்ணுகிட்ட சார்ட் பேப்பர் குடுத்து ஒரே அளவுல ரெண்டு சதுரம் வெட்டச் சொல்லுங்க. ஒண்ணை நேரா வெச்சு, இன்னொண்ணை அது மேல 45 டிகிரி திருப்பி வைக்கச் சொல்லுங்க, முனையெல்லாம் வெளிய நீட்டிக்கிட்டு எட்டு முனை நட்சத்திரம் வரும். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு படற நடுப்பகுதியைப் பாத்தா எண்கோணம். அவங்க செஞ்சது இதேதான். ஒவ்வொரு சுவர்லயும் ரெண்டு இடம், நாலு சுவருக்கும் சேத்து எட்டு இடத்துல இருந்து ஆர்ச் கிளம்புது, ஆனா பக்கத்துல இருக்கற இடத்துக்குப் போகாம ஒண்ணை விட்டு அதுக்கு அடுத்த இடத்துல போய் இறங்குது. அதனால ஆர்ச்செல்லாம் வானத்துல ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கும், கூடை பின்னற மாதிரி. வெட்டிக்கிட்டு நடுவுல மிச்சம் இருக்கறது எண்கோணம், எண்கோணத்தை வட்டமாக்க கொஞ்சமா கல்லை முன்னாடி நீட்டினா போதும். அதனால வட்டம் நாலு மூலை மேல உக்காரவே இல்ல, மூலைக்கு ரொம்ப உள்ள தள்ளி, இந்தப் பின்னல் மேலதான் உக்காந்திருக்கு.

எனக்கு உடம்பு சிலிர்த்தது இனிமேதான். எந்த டோமும் தன் எடையால அடியை வெளிப்பக்கமா விரிக்கப் பாக்கும், கவுத்து வெச்ச தோசைமாவு கிண்ணத்தை மேல இருந்து அமுக்கினா விளிம்பு விரியப் பாக்கற மாதிரி. அதைத் தடுக்க மத்த இடத்துல எல்லாம் வெளிய இருந்து முட்டுச் சுவர் குடுப்பாங்க, இல்ல இரும்புச் சங்கிலி போட்டுக் கட்டுவாங்க. இங்க என்ன பண்ணாங்கன்னா அந்த ஆர்ச் பின்னலை டோம் சுவரையும் தாண்டி உள்பக்கமா நீட்டி விட்டுட்டாங்க. கும்மட்டம் அந்த விளிம்புலயே இல்லாம மூணரை மீட்டர் கிட்ட பின்னாடி தள்ளி நிக்குது. நீங்க மேல போய் சுத்தி வர்றீங்களே, குசுகுசு கேக்கற அந்த வராண்டா, அது வேற ஒண்ணுமில்ல, இப்படி உள்ள நீட்டின கல்லோட மேல்பரப்புதான். டோம் வெளிய தள்ளுது, உள்ள தொங்கற இந்தக் கல் எடை உள்ள இழுக்குது, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சிக்கிட்டு நிக்குது.

கீழ சுவர் கருங்கல், தக்காணத்துல எங்க தோண்டினாலும் கிடைக்கற கறுப்புப் பாறை. டோம் மட்டும் செங்கல், சுண்ணாம்புக் கலவையை நல்லா கனமா போட்டு, படுக்கை வரிசையா வளையம் வளையமா ஏத்தியிருக்காங்க. ஒரு வளையம் முழுசா மூடிட்டா அது தன்னைத்தானே தாங்கிக்கும், உள்ள சரியாம ஒரு செங்கல் அடுத்த செங்கல்லை இறுக்கிடும். காஞ்ச பிறகு செங்கல்லும் கலவையும் தனித்தனியா இல்ல, மொத்தமும் ஒரே கட்டி. அஸ்திவாரமும் பாறை மேலேயே போட்டதால கட்டடம் உக்காந்து போற பிரச்சனையும் வரல.

மறைஞ்சு போன டெக்னாலஜின்னு சொல்றதைக் கேட்டா எனக்கு வருத்தமா இருக்கு. ஒண்ணும் மறையல சார், அண்ணாந்து பாத்தா அத்தனையும் கண்ணுக்கு முன்னாடி திறந்து கிடக்கு. கணக்குப் போட்டு யோசிச்சு செஞ்ச மனுஷங்களோட வேலை, மாயம்னு சொல்லிட்டா அவங்களுக்குக் கிடைக்க வேண்டிய பேரும் போயிடும்.

தக்காண வாசகி

மேல அண்ணன் கட்டடத்தைப் பத்தி அழகா சொல்லிட்டார், நான் வரலாறு சொல்றேன்.

இது முகமது அடில் ஷாவோட சமாதி. பீஜாப்பூரை ஆண்ட அடில் ஷாஹி வம்சம், இவர் 1627ல பட்டத்துக்கு வந்து 1656ல இறந்தார். இவரோட அப்பா இரண்டாம் இப்ராஹிம் அடில் ஷா சங்கீதத்துல பெரிய ஈடுபாடு உள்ளவர், அவரோட சமாதி அதே ஊர்ல மேற்குப் பக்கம் இருக்கு, இப்ராஹிம் ரௌசா. அது நகைக்கடை வேலை மாதிரி, ஜன்னல் எல்லாம் கல்லுலயே எழுத்தா செதுக்கினது. அழகுல அதைத் தாண்ட முடியாதுன்னு தெரிஞ்சுதான் மகன் அளவுல தாண்டப் பாத்தார்னு எனக்குத் தோணும், ரெண்டையும் ஒரே நாள்ல பாத்தா உங்களுக்கும் அப்படித்தான் தோணும்.

காசு எங்க இருந்து வந்ததுங்கறதுல நம்ம ஊரும் இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல. 1636ல ஷாஜஹானோட உடன்படிக்கை ஆச்சு, வடக்குப் பக்கம் முகலாயர் தொல்லை கொஞ்சம் அடங்கிச்சு. உடனே பீஜாப்பூர் படை தெற்க பாத்து இறங்கிச்சு. பெங்களூர், வேலூர் பக்கம்னு வந்து 1640கள் முடியறப்ப செஞ்சிக் கோட்டையையும் பிடிச்சிட்டாங்க. அந்தப் படையில இருந்தவர்தான் சிவாஜியோட அப்பா ஷாஜி. ஷாஜியோட இன்னொரு மகன் வெங்கோஜி, நாம ஏகோஜின்னு சொல்றவர், 1670கள்ல பீஜாப்பூர் தளபதியா தஞ்சாவூருக்கு வந்து அங்கேயே ராஜாவாகிட்டார், தஞ்சை மராட்டியர் வம்சம் அப்படித்தான் ஆரம்பிச்சது. கோல் கும்பாஸ் ஏறின அதே காலத்துல செஞ்சியில இருந்தும் அந்தப் பக்கத்து நாயக்கர் சீமைகள்ல இருந்தும் செல்வம் வடக்க போய்ட்டு இருந்தது. செஞ்சி மலை ஏறினவங்க அந்த டோம் அடியில நின்னு இதை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாக்கணும்.

தெற்கு வாசலுக்கு மேல எழுத்து இருக்கும், கட்டாயம் பாருங்க. மூணு பாரசீக வரி, மூணும் அவரோட மறைவைச் சொல்லுது. அரபி எழுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் மதிப்பு உண்டு, ஒரு வரியில இருக்கற எழுத்தையெல்லாம் எண்ணாக்கிக் கூட்டினா 1067 வரும், அடுத்த வரியைக் கூட்டினாலும் 1067, மூணாவதும் அதேதான். ஹிஜ்ரி 1067, அதாவது 1656. நம்ம கர்நாடக சங்கீதத்துல மேளகர்த்தா ராகம் பேரோட முதல் ரெண்டு எழுத்தை வெச்சு எத்தனாவது மேளம்னு கண்டுபிடிக்கறோமே, அந்த மாதிரி வித்தை.

ராஜா இறந்தப்ப வேலை முழுசா முடியல. வெளிச்சுவர்ல பூச்சு பல இடத்துல இல்ல, வடக்குப் பக்கம் வெளிய நீட்டிக்கிட்டு ஒரு அரை எண்கோண அறை இருக்கும், அது பின்னாடி ஆரம்பிச்சு பாதியில நின்னது. அவர் மகன் இரண்டாம் அலி அடில் ஷா தனக்குன்னு இதைவிட பெருசா ஒண்ணு ஆரம்பிச்சார், பாரா கமான்னு பேர், வெறும் ஆர்ச் மட்டும் வானத்தைப் பாத்து நிக்குது, கூரையே ஏறல. அவரை அங்கயேதான் புதைச்சிருக்காங்க. 1686ல ஔரங்கசீப் பீஜாப்பூரைப் பிடிச்சதோட அந்த வம்சமே முடிஞ்சு போச்சு.

ஓசூர்க்காரன்

ரொம்ப ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். பொண்ணு பேப்பர் வெட்டி ஒட்டிட்டா, ஒரு சதுரம் மஞ்சள் ஒண்ணு நீலம், நடுவுல எண்கோணம் வந்ததும் "அப்பா மூலைக்கு வேலையே இல்ல"ன்னு கத்தினா. செஞ்சி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது மேடம், போன வருஷம்தான் ராஜகிரி ஏறிட்டு வந்தோம்.

இன்னும் ரெண்டு சந்தேகம். ஹால்ல மேடை மேல தெரியற கல்லறைதான் நிஜக் கல்லறையா? அப்புறம் உலகத்துலயே ரெண்டாவது பெரிய டோம்னு எல்லாரும் சொல்றாங்களே, அது சரியா?

தக்காண வாசகி

மேல தெரியறது அடையாளத்துக்கு வெச்சது. நிஜக் கல்லறை அதுக்கு நேர் கீழ நிலவறையில, மேற்கு வாசல் பக்கத்துல இருந்து படி இறங்குது. ராஜா, அவரோட ரெண்டு மனைவிங்க, ரம்பான்னு அவருக்குப் பிரியமான ஒரு ஆடல் பெண், ஒரு மகள், ஒரு பேரன். கைடு கண்டிப்பா ரம்பாவை ராஜா மேல இருந்து குதிக்கச் சொன்னார்னு ஒரு கதை சொல்வார். அது ஊர் வாய்ல வர்ற கதை, வரலாறா எடுத்துக்காதீங்க. ராஜகுடும்பத்து ஆட்களோட சரிசமமா அந்தப் பெண்ணுக்கும் அங்க இடம் இருக்கு, எனக்கு அதுவே பெருசா படுது.

சுண்ணாம்புக்காரவை

ரெண்டாவது பெரியதுன்னு சொல்றது சரி கிடையாது சார். ரோம் பாந்தியன் உள் விட்டம் 43 மீட்டருக்கு மேல, அது கோல் கும்பாஸுக்கு ஆயிரத்து ஐநூறு வருஷம் முன்னாடியே கட்டினது. ஃப்ளோரன்ஸ் கதீட்ரல், வாடிகன் செயின்ட் பீட்டர்ஸ் ரெண்டும் இதைவிட அகலம். இப்ப கான்கிரீட்லயும் ஸ்டீல்லயும் கட்டற ஸ்டேடியம் கூரையெல்லாம் வேற கணக்கு. ஆனா லண்டன் செயின்ட் பால்ஸை விட இது பெருசு, தாஜ்மஹால் உள் டோம் 18 மீட்டர் கிட்டதான், இது அதுல ரெண்டு மடங்குக்கு மேல. எத்தனாவது இடம்ங்கறதால இதோட மதிப்பு ஏறப்போறதும் இல்ல இறங்கப்போறதும் இல்ல.

சத்தம் விஷயமும் சொல்லிடறேன். கை தட்டினா சத்தம் எதிர்ச் சுவருக்கு 38 மீட்டர் போய் அதே 38 மீட்டர் திரும்பி வரணும், அதுக்குக் கால் செகண்டுக்குக் கொஞ்சம் கம்மி ஆகும். நம்ம காதுக்கு அந்த இடைவெளி போதும், தனித்தனி சத்தமா பிரிச்சுக் கேக்கும். குசுகுசு கேக்கறது வேற வழி, சத்தம் வளைஞ்ச சுவரை ஒட்டியே சறுக்கிக்கிட்டுப் போகுது, நடுவுல கரைஞ்சு போகாம.

மலைக்கோட்டை டீச்சர்

போன டிசம்பர்ல ஸ்கூல் பசங்களோட போனேன், ஒண்ணே ஒண்ணு சொல்றேன், காலையில கேட் திறந்த உடனே போயிடுங்க. பத்து மணிக்கு மேல எல்லா ஸ்கூல் பஸ்ஸும் வந்துடும், ஆளாளுக்குக் கத்துவாங்க, குசுகுசுவும் கேக்காது ஒண்ணும் கேக்காது. நாலு மூலையிலயும் ஏழடுக்கு எண்கோண கோபுரம் இருக்கு, படி அதுக்குள்ளதான், குறுகல், உயரமான படி, முட்டி வலி உள்ள பெரியவங்க இருந்தா கீழேயே உக்கார வைங்க. மேல மொட்டை மாடிக்கு வந்ததும் நேரா உள்ள ஓடாம டோமோட அடியை வெளிப்பக்கம் இருந்து பாருங்க, சுத்தி பெரிய பெரிய தாமரை இதழ் மாதிரி வேலைப்பாடு, டோம் ஒரு மொட்டுக்குள்ள இருந்து கிளம்பற மாதிரி இருக்கும், கீழ இருந்து பாத்தா இது சின்னதா தெரியும், பக்கத்துல நின்னா ஒரு இதழ் ஆளை விட உயரம். கொடுங்கை, அதாவது மேல சுத்தி வர்ற கூரை விளிம்பு, சுவரை விட்டு எவ்ளோ தூரம் வெளிய நீட்டியிருக்குன்னும் அங்க இருந்துதான் புரியும்.

உள்ள போய் ஒருத்தர் இந்தப் பக்கம் சுவரைப் பாத்து உக்காருங்க, இன்னொருத்தர் நேர் எதிர்ல. கத்தவே வேண்டாம். எங்க பசங்கள்ல ஒரு பொண்ணு, கிளாஸ்ல வாயே திறக்க மாட்டா, அவ சுவர்கிட்ட வாயை வெச்சு பேரை மட்டும் மெதுவா சொன்னா, எதிர்ல இருந்த அவ ஃபிரெண்டு பதிலுக்கு இவ பேரைச் சொன்னா, அந்த முகத்தைப் பாக்கணுமே. பதினஞ்சு நிமிஷம் அங்கேயே உக்காந்திருந்தாங்க ரெண்டு பேரும்.

ஒரு காலத்துல நக்கார் கானாவா, அதாவது முரசு கொட்டற மண்டபமா, இருந்த கட்டடத்துல மியூசியம் இருக்கு, வெள்ளிக்கிழமை லீவு, அதுக்கேத்த மாதிரி நாளைப் பாத்துக்கங்க. பெங்களூர்ல இருந்து ட்ரெயின்ல போறதா இருந்தா கோல் கும்பாஸ் எக்ஸ்பிரஸ்னே ஒண்ணு இருக்கு.

ஓசூர்க்காரன்

வெள்ளிக்கிழமைதான் பிளான் போட்டிருந்தோம் டீச்சர், நல்ல வேளை சொன்னீங்க, சனிக்கிழமைக்கு மாத்திட்டேன். பொண்ணு அந்தப் பேப்பர் நட்சத்திரத்தைக் கூடவே எடுத்துட்டு வர்றாளாம், ஹால் நடுவுல நின்னு மேல காட்டி சரியா பொருந்துதான்னு பாக்கணுமாம்.

சுண்ணாம்புக்காரவை

நடுவுல மேடை இருக்கு, நிக்க விட மாட்டாங்க. ஏதாவது ஒரு சுவரை ஒட்டி முதுகை வெச்சு மல்லாந்து பாக்கச் சொல்லுங்க, எட்டு ஆர்ச்சும் ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போறது அங்க இருந்துதான் முழுசா தெரியும்.