மழைக்காலத்தில் பெர்சியன் பூனையைக் குளிப்பாட்டலாமா? சிக்கை எப்படி எடுப்பது?

செம்பூர் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். துபாய்க்குக் குடிபெயர்ந்த என் நாத்தனார் விட்டுச் சென்ற இரண்டு வயதுப் பெர்சியன் பூனை மே மாதம் முதல் மும்பையில் எங்கள் வீட்டில் இருக்கிறது. பெயர் வெல்லம். அக்குளிலும் வயிற்றிலும் முடி திரண்டு, நனைந்து காய்ந்த தேங்காய் நார் போலக் கட்டி கட்டியாகிவிட்டது. வாலுக்கு அடியில் மலம் ஒட்டி நாற்றமும் வருகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, நகராட்சித் தண்ணீர் வரும் நேரத்தில், குளியலறையில் வைத்துக் குழாயைத் திறந்தேன். என் தோளில் ஏறிக் கீறிவிட்டு ஓடியதுதான்; அன்றிலிருந்து வாளிச் சத்தம் கேட்டாலே கட்டிலடியில் புகுந்துகொள்கிறது. சீயக்காய் போட்டுத் தேய்த்தால் சிக்கு தானே விட்டுவிடும் என்கிறார் என் மாமியார். ஜூலையில் எங்கள் துணிகளே மூன்று நாள் காயாமல் கொடியில் கிடக்கும்போது இத்தனை முடியை எப்படிக் காயவைப்பது? எத்தனை நாளுக்கு ஒருமுறை குளிப்பாட்ட வேண்டும்?

முலுண்ட் அன்பர்:
குளியலைச் சற்றுத் தள்ளி வையுங்கள், சகோதரி. சிக்கு விழுந்த முடியில் தண்ணீர் பட்டால் அது நெகிழாது. கம்பளி போல இன்னும் இறுகி, காயும்போது தோலைப் பிடித்து இழுக்கும். ஆகவே சிக்கெடுப்பு முதலில், தண்ணீர் பிறகு.

பூனை சாப்பிட்டுவிட்டு அரைத்தூக்கத்தில் இருக்கும் நேரம் பார்த்து, ஒரு கட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கார்ன்ஃப்ளார் மாவை ஒரு சிட்டிகை தூவி, விரலால் பிரித்துவிட்டு, கட்டிக்கும் தோலுக்கும் நடுவில் முடியின் அடியை இரண்டு விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, அகலப் பல் உள்ள உலோகச் சீப்பால் நுனியிலிருந்து உள்நோக்கிச் சிறிது சிறிதாக வாருங்கள். அப்படிப் பிடித்திருந்தால் இழுப்பு தோலுக்குப் போகாது. ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டும். வால் படபடவென்று அடிக்கத் தொடங்கினால் அதற்கும் முன்பே.

கத்தரிக்கோலை மட்டும் தொடாதீர்கள். நான் தொட்டேன். பூனையின் தோல் மெல்லியது, தளர்வானது. கட்டியைப் பிடித்துத் தூக்கும்போது தோலும் கூடாரம் போல எழும்பி முடிக்குள் மறைந்துகொள்ளும். முடியைத்தான் வெட்டுகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நான்கு தையல் போட வேண்டியிருந்தது. சீப்பின் பல் நுழைய இடமில்லாத அளவுக்குக் கட்டி தோலோடு ஒட்டியிருந்தால், பரேலில் உள்ள பாய் சாகர்பாய் விலங்கு மருத்துவமனைக்கோ பக்கத்து விலங்கு மருத்துவரிடமோ கொண்டுபோய் இயந்திரத்தால் மழித்துவிடச் சொல்லுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் முடி வளர்ந்துவிடும்.

வாலடிக்கு முழுக்குளியல் தேவையில்லை. அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைத்தால் போதும். முழுக்குளியல் என்றால், பூனையை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே தொட்டியில் நான்கு விரற்கடை நீர் நிரப்பிக் குழாயை மூடிவிடுங்கள். வழுக்காமல் இருக்க அடியில் பழைய துண்டு ஒன்றைப் போட்டு, கழுத்துக்குக் கீழே குவளையால் மெதுவாக ஊற்றுங்கள். முகத்துக்கு ஈரத்துணி, காதுக்குள் ஒரு சொட்டும் வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, முடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடித்துக் காட்டலாம். மேல்முடி காய்ந்ததுபோல் இருக்கும்போதும் அடிமுடியில் ஈரம் தங்கியிருக்கும். நம் ஊர் மழைக்காலப் புழுக்கத்தில் பூஞ்சை அங்கேதான் பிடிக்கிறது. எனவே அக்குளில் விரலை விட்டுப் பார்க்காமல் விடாதீர்கள். தினமும் சீவினால், இந்த வகைப் பூனைக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு குளியல் போதும்.

மாட்டுங்கா தாத்தா:
பூனைக்கு எதற்கம்மா குளியல்? எங்கள் வீட்டு நாட்டுப் பூனை ஒன்பது வருடத்தில் ஒரே ஒருமுறைதான் குளித்தது, அதுவும் பெயின்ட் டப்பாவில் விழுந்ததால். அதன் நாக்கே அதற்குச் சீப்பு.

டோம்பிவிலி வாசகர் (விலங்கு மருந்தகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்):
தாத்தா சொல்வது குட்டை முடிப் பூனைக்கு முழுக்கச் சரி. நாக்கில் உள்வளைந்த சிறு முட்கள் இருப்பது உண்மைதான். பெர்சியனின் நீண்ட அடர்முடியில் அவை அடிவரை சென்று எட்டுவதில்லை என்பதுதான் சிக்கல்.

சீயக்காய் வேண்டாம். கண்ணில் பட்டால் நமக்கே எரிகிறது. பூனையோ உடம்பில் மிஞ்சியதையெல்லாம் நக்கி விழுங்கிவிடும், அதிலுள்ள சபோனின் என்ற நுரைக்கும் பொருள் வயிற்றைக் கெடுக்கும். நம் ஷாம்பூவும் அதன் தோலுக்கு ஒத்துவராது. பூனைக்கென்று எழுதியிருப்பதையே வாங்கி, நுரை சுத்தமாகப் போகும்வரை அலசுங்கள். இன்னும் முக்கியமானது: நாய்க்கு விற்கும் உண்ணி மருந்தைப் பூனைமேல் தடவிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றிலும் உள்ள பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைப் பூனையின் கல்லீரலால் எளிதில் முறிக்க முடியாது. வலிப்பு வந்து உயிரே போகலாம். பினாயில் கலந்த தண்ணீரும் தேயிலை மர எண்ணெயும் (டீ ட்ரீ ஆயில்) அவ்வாறே ஆபத்தானவை.

செம்பூர் வாசகி:
மிக்க நன்றி. மூன்று நாளில் இடது அக்குளை முழுவதும் பிரித்துவிட்டேன். கட்டி விலகியதும் அடியில் இரண்டு ரூபாய் நாணய அளவுக்கு முடியற்ற வட்டம் ஒன்று, ஓரத்தில் பொடுகுபோல் உதிர்வோடு தெரிகிறது. என் முன்கையிலும் சிவந்த வளையம் ஒன்று இரண்டு நாளாக அரிக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

டோம்பிவிலி வாசகர்:
பெரும்பாலும் உண்டு, படர்தாமரை போலத் தோன்றுகிறது. அது பூஞ்சைத் தொற்று, பூனையிலிருந்து மனிதருக்கு வரக்கூடியது. கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியாது என்பதால் வெல்லத்தை விலங்கு மருத்துவரிடமும், உங்கள் கையைத் தோல் மருத்துவரிடமும் காட்டுங்கள். கடையில் கிடைக்கும் களிம்பை நீங்களாகப் பூனைக்குப் போட வேண்டாம், நக்கிவிடும். அதுவரை சீவுவதை நிறுத்துங்கள். உதிர்ந்த முடியில் இந்தப் பூஞ்சை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்; தரையைத் துடைப்பத்தால் பெருக்கிப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வெல்லம் படுக்கும் துணியைத் தனியாக வெந்நீரில் துவையுங்கள்; மருத்துவர் சொல்லும்வரை உங்கள் மாமியாரின் மடியில் அதை ஏறவிடாதீர்கள்.