பார்சலுக்கு டிப்ஸ் உண்டா? காரைக்குடி பக்கம் வழக்கம் என்ன?

கோட்டையூர்வாசி:
மெஸ்ஸில் நேரில் போய் வாங்கும் பார்சல், ஆப்பில் வரும் சாப்பாடு, கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், வாடகைக் கார். இதில் எதற்கு டிப்ஸ் கொடுக்கணும், எதற்கு வேண்டாம், கொடுத்தால் எவ்வளவு? வீட்டில் ரெண்டு கட்சி. அமெரிக்காவில் இருக்கும் மகன் எல்லாத்துக்கும் பதினைந்து சதவீதம் என்கிறான். பெரியவர்களோ "காசு குடுத்துத்தானே வாங்குறோம், அப்புறம் தனியா என்னத்துக்கு" என்கிறார்கள். அடுத்த மாதம் வீட்டில் படைப்பு (முன்னோர்களுக்குப் படையல் போட்டுக் கும்பிடுவது). அதுக்கு வருகிறவர்களுக்கு மறுநாள் மதியம் 40 சாப்பாடு பார்சல் சொல்லணும். அதற்கும் மறுநாள் நகரக் கோவில் (நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் குலக் கோவில்கள்) ஒன்பதுக்கும் வண்டி. கையில் எவ்வளவு சில்லறை வைத்துக்கொள்ளணும் என்று தெரிந்தால் நல்லது.

கல்லாப்பெட்டி:
ரெண்டு சாப்பாடு, நாலு பரோட்டா வாங்குவதற்கெல்லாம் இந்தப் பக்கம் டிப்ஸ் கிடையாது. யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. பில்லில் 'பார்சல் சார்ஜ்' என்று 5, 10 ரூபாய் போடுவது டப்பாவுக்கும் கவருக்குமான விலை. கட்டுகிறவர் கைக்கு அது போகாது. தூக்கோ கேரியரோ கொண்டு போனால் பல மெஸ்களில் அதைப் போட மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள்.

40 சாப்பாடு வேறு கணக்கு. சோற்றை விட்டுவிட்டால் ஒரு பார்சலுக்கு சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர், கூட்டு, பொரியல், ஊறுகாய், அப்பளம் என்று எட்டு பொட்டலம். 40க்கு 320 முடிச்சு. பெரும்பாலான கடைகளில் பார்சல் கட்ட ஒரு ஆள், மிஞ்சினால் ரெண்டு. பன்னிரண்டரைக்கு மேல் உட்கார்ந்து சாப்பிடும் கூட்டம் ஏறிவிடும். அதனால் முதல் நாளே அட்வான்ஸ் கொடுத்து, பதினொன்றரைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று, சாம்பார், குழம்பு, ரசம், மோர் நாலையும் ஆளுக்கொரு கவராகக் கட்டச் சொல்லாமல் நாலு தூக்குவாளி கொண்டுபோய் மொத்தமாக வாங்குங்கள். 160 முடிச்சு அப்படியே குறையும். கொதிக்கக் கொதிக்க ரசத்தைக் கவரில் வாய்வரை ஊற்றி இறுக்கிக் கட்டினால் வண்டி குலுங்குவதில் முடிச்சு பிதுங்கி, கீழே இருக்கும் அப்பளம் எல்லாம் நமத்துப்போகும். அந்தத் தொல்லையும் இல்லை.

எடுக்கும்போது எண்ணுங்கள். அவசரத்தில் விடுபடுவது ஊறுகாயும் அப்பளமும்தான். எண்ணி முடித்த பிறகு கட்டியவர் கையில் 200 ரூபாய் கொடுங்கள். ரெண்டு பேர் கட்டியிருந்தால் ரெண்டு 100 ரூபாய்த் தாள், ஆளுக்கொன்று. முன்கூட்டியே கொடுக்காதீர்கள். டோக்கன் வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் கண்ணெதிரே காசு கைமாறினால், வரிசையை மாற்றுகிறார் என்று பேச்சு வரும். திட்டு வாங்குவது பார்சல் கட்டும் ஆள்தான்.

உட்கார்ந்து சாப்பிட்டால் ஆளுக்கு 10 ரூபாய், குடும்பமாகப் போய் பில் 1,000 தாண்டினால் 50 என்பது ஓட்டத்தில் இருக்கும் கணக்கு. முக்கியமான விஷயம்: கடை க்யூஆரில் பில்லோடு 20 ரூபாய் சேர்த்துப் போட்டால் அது முதலாளி கணக்கில் விழும். ராத்திரி கல்லா முடிக்கும்போது பில்லோடு ஒத்துவராத தொகையாக நிற்குமே தவிர, யார் டேபிளில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஜிபே வந்த பிறகு சப்ளையர்களுக்கு டிப்ஸ் குறைந்ததற்கு இது பெரிய காரணம். பில்லுக்கு ஜிபே, ஆளுக்குக் கைக்காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லாப் பக்கத்தில் டிப்ஸ் உண்டியல் இருந்தால் அதில் போடுவது சமையல்கட்டு, டேபிள் துடைக்கிறவர், இலை எடுக்கிறவர் எல்லாருக்கும் பங்காகும். ஒருவருக்கு மட்டும் என்றால் கையில்தான் கொடுக்கணும்.

பில்லிலேயே 'சர்வீஸ் சார்ஜ்' என்று 5 சதவீதமோ 10 சதவீதமோ போட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டதில் 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஜிஎஸ்டி வேறு, அது வரி. ரெண்டையும் குழப்பிக்கொண்டு கல்லாவில் சண்டை போடுகிறவர்கள் உண்டு.

ரஸ்தா ரைடர்:
ஆப் டெலிவரி விஷயத்துக்கு வருகிறேன். ஆர்டர் போடும்போது சேர்க்கும் டிப்ஸ் முழுசும் டெலிவரி செய்பவருக்கே போகிறது என்று கம்பெனிகள் சொல்கின்றன. சாப்பாடு வந்த பிறகும் ஆப்பில் சேர்க்கலாம். கையில் கொடுத்தாலும் சரி. சாதாரண நாளில் 20 போதும். மழை, சித்திரை வெயில், ராத்திரி பத்துக்கு மேல், டவுனிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர் தூரம் என்றால் 30 முதல் 50.

ஆனால் நம்ம ஊரில் டெலிவரி ஆளை நோகடிப்பது டிப்ஸ் இல்லை, வாசல். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக நீளும். மேப்பில் புள்ளியை வீட்டு நடுவில் வைத்தால் வழி பாதி நேரம் பின்தெருவுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே கதவு பூட்டியிருக்கும். மணி அடித்தாலும் கேட்காது. பிறகு போன், சுற்றிக்கொண்டு முன்தெரு, அப்புறம் உள்ளேயிருந்து ஆள் வளவு (நடுமுற்றக் கட்டு) தாண்டி, பட்டாலை (முன்கூடம்) தாண்டி, திண்ணைக்கு வந்து சேர ஐந்து நிமிடம். அந்த நேரத்தில் அவருக்கு அடுத்த ஆர்டர் போய்விடும். புள்ளியை முகப்பு வாசலில் வைத்து, குறிப்பில் "முன்வாசல், இன்ன தெரு, எதிரே ஊரணி" என்று எழுதுங்கள். வண்டி கிளம்பியதும் ஒருவர் முகப்பில் வந்து உட்கார்ந்துவிடட்டும். 20 ரூபாயைவிட அதுதான் அவருக்கு லாபம்.

குழம்பு சிந்தியிருந்தால் அவரிடம் கோபிப்பதற்கு முன்னால் முடிச்சைப் பாருங்கள். கவர் கட்டு அவிழ்ந்திருந்தால் அது கடைக்காரர் குற்றம். போட்டோ எடுத்து ஆப்பில் போடுங்கள். டிப்ஸைக் குறைப்பது தப்பான ஆளுக்குத் தண்டனை.

கடல்தாண்டி:
உங்கள் மகன் சொல்லும் பதினைந்து சதவீதத்துக்கு அங்கே காரணம் இருக்கிறது. அமெரிக்க மத்தியச் சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991லிருந்து அந்தத் தொகை மாறவில்லை. டிப்ஸையும் சேர்த்து 7.25 டாலர் வராவிட்டால்தான் மீதியை முதலாளி போடணும். அதாவது சம்பளத்தின் பெரும்பகுதியை வாடிக்கையாளரே கொடுக்கிறார். கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்களில் முழுச் சம்பளமே உண்டு, ஆனாலும் பழக்கம் போகவில்லை. அங்கேயும் பதினைந்து, இருபது சதவீதம் என்பது உட்கார்ந்து சாப்பிட்டால்தான். நேரில் போய் எடுக்கும் பார்சலுக்குக் கட்டாயமில்லை. பணம் கட்டும் திரை 18, 20, 25 என்று காட்டினாலும் 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

சிங்கப்பூர் உறவுக்காரர்களைக் கேட்டால் நேர்மாறாகச் சொல்வார்கள். அங்கே உணவகங்கள் பில்லிலேயே 10 சதவீத சேவைக் கட்டணம் போடும், அதற்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டி. தனியாக டிப்ஸ் வழக்கமில்லை. ஹாக்கர் கடையில் (பொது உணவு வளாகத்துச் சின்னக் கடை) அந்தச் சேவைக் கட்டணமும் இல்லை. ரெண்டு ஊர்க் கணக்கையும் கொண்டுவந்து காரைக்குடி மெஸ்ஸில் போடாதீர்கள். இங்கே சதவீதமே வேண்டாம். எவ்வளவு வேலை என்று பார்த்து, 10, 20, 50, 100 என்று தாளாகக் கொடுப்பதுதான் பொருந்தும்.

தேவகோட்டை ஆச்சி:
கேஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. பில் தொகையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து போடும் கூலி அடங்கியிருக்கிறது. நாமே குடோனுக்குப் போய் எடுத்தால் அதைக் கழித்துத் தரணும் என்பது விதி. ஆகவே "பில்லுக்கு மேல 50 குடுங்க" என்று உரிமையோடு கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் எடையைப் பாருங்கள்: 14.2 கிலோ கேஸ், அதோடு காலி சிலிண்டர் எடை, சேர்த்தால் 30 கிலோவை ஒட்டி வரும். வாசல்வரை கொண்டுவருவது அவர் வேலை. முகப்பிலிருந்து பின்கோடியில் இருக்கும் மூன்றாங்கட்டு அடுப்படிவரை சுமந்து வைத்தால் அது மேல்வேலை. ஆத்தங்குடி டைல்ஸ் தரையில் உருட்டவும் விடமாட்டோம், தூக்கித்தான் போகணும். அதற்கு 30 ரூபாய் நியாயம்.

கொடுப்பதற்கு முன்னால் சீலைப் பாருங்கள், தராசில் தொங்கவிட்டு எடை காட்டச் சொல்லுங்கள், வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டுக் கசிவு பாருங்கள். போனில் வரும் டெலிவரி எண்ணை சிலிண்டர் உள்ளே வந்த பிறகு சொன்னால் போதும். கசிவு என்றால் உடனே 1906க்குப் போன் செய்யுங்கள்.

தண்ணீர் கேன் கீழ்த்தளத்துக்கு ஒன்றும் வேண்டாம். 20 லிட்டர் கேனை மாடிக்கு ஏற்றினால் கேனுக்கு 5, 10. கூரியருக்கு வழக்கமில்லை. பிரிட்ஜ், வாஷிங் மெஷின் தூக்கி வருகிறவர்களுக்கு, நிலைப்படி உயரத்தைப் பார்த்து ஆளுக்கு 100. பெட்ரோல் பங்கில் காற்று இலவசம்தான். டயரில் பிடித்துவிடும் ஆளுக்கு 10 கொடுப்பது நம் விருப்பம். பேப்பர் போடும் பையன், குப்பை எடுக்கிறவர்களுக்கெல்லாம் தீபாவளி இனாமாக மொத்தமாகக் கொடுத்துவிடலாம்.

அரசாங்க ஆபீசிலோ அரசு ஆஸ்பத்திரி வார்டிலோ கேட்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்குப் பெயர் லஞ்சம். குழந்தை பிறந்தால் "ஆம்பளப் புள்ளைக்கு இவ்வளவு" என்று ரேட் சொல்வதும் அதே வகைதான்.

கோட்டையூர்வாசி:
ரொம்ப உபயோகம் ஆச்சி, மற்ற எல்லாருக்கும் நன்றி. கோவில் வண்டிக்கு மட்டும் யாராவது சொல்லுங்கள். டிரைவர் பேட்டா பில்லிலேயே வருகிறதே, தனியாகக் கொடுக்கணுமா? கோவில் தட்டுக்கு?

கல்லாப்பெட்டி:
பேட்டா என்பது அவர் சாப்பாட்டுக்கும் அன்றைய படிக்கும், டிப்ஸ் இல்லை. புக் செய்யும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: பேட்டா வாடகையில் சேர்த்தியா, ராத்திரி எத்தனை மணிக்கு மேல் நைட் பேட்டா, டோல், பார்க்கிங் யார் கணக்கு. கடைசியில் வரும் தகராறெல்லாம் இந்த மூன்றில்தான். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒரே நாளில் முடிப்பதென்றால் விடிய ஐந்தரைக்காவது கிளம்பணும். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். அவ்வளவு காலையில் வந்து வயசானவர்களை இறக்கி ஏற்றிய டிரைவருக்கு இறங்கும்போது 200 கொடுங்கள். மத்தியானம் நீங்கள் சாப்பிடும் இடத்திலேயே அவரையும் உட்கார வைத்தால் அதற்காகப் பேட்டாவில் பிடிக்காதீர்கள். சிலர் பிடிக்கிறார்கள், அசிங்கம்.

குருக்கள் தட்டில் ஆளுக்கு 10 வைத்தால் போதும். அர்ச்சனை செய்தால் குடும்பத்துக்கு 50. ரசீதுச் சீட்டுக் காசு கோவிலுக்கு, தட்டுக் காசு குருக்களுக்கு, உண்டியல் கோவிலுக்கு. ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் என்றால் ஒன்பது கோவிலுக்கு 45 பத்து ரூபாய்த் தாள். முதல் நாளே பேங்கில் மாற்றி வையுங்கள். பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை தடவை சொன்னாலும் டீக்கடையில் வாங்க யோசிக்கிறார்கள். வாங்கியவர் செலவழிக்க அலையக் கூடாது, தாளாகவே கொடுங்கள்.