டூட்டி ஃப்ரீ பாட்டிலைப் போட்டுத் தரும் அந்தப் பை: தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் பெற்றோருக்காக ஒரு சின்னக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதன்முறை விமானம் ஏறுபவர்கள், ஆங்கிலப் பலகையைப் பார்த்தால் பதறுபவர்கள் படிப்பதற்கானது. மற்றப் பக்கங்கள் முடிந்துவிட்டன. பாதுகாப்புச் சோதனைப் பக்கத்தில்தான் நிற்கிறேன். விமான நிலையக் கடையில் மதுவோ வாசனைத் திரவியமோ வாங்கினால் உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ரசீதையும் உள்ளே வைத்து, வாயை ஒட்டித் தருவார்களே, சிவப்பு விளிம்பு போட்டது. ஆங்கிலத்தில் 'செக்யூரிட்டி டேம்பர் எவிடென்ட் பேக்'. அதற்கு 'பாதுகாப்புப் பை' என்று போட்டிருக்கிறேன். சரிதானா? கூடவே டூட்டி ஃப்ரீ, ட்ரான்சிட், ஃபைனல் டெஸ்டினேஷன் ஆகியவற்றுக்கும் சொல் வேண்டும். அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது.

——————

> அதற்கு 'பாதுகாப்புப் பை' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

மாற்றிவிடுங்கள், தங்கச்சி. பாதுகாப்புப் பை என்றால் பாட்டில் உடையாமல் காக்கும் பை என்றுதான் அந்தப் பெரியவர் எடுத்துக்கொள்வார். இந்தப் பை எதையும் காப்பதில்லை. கத்தரிக்கோல் இருந்தால் நொடியில் வெட்டிவிடலாம். யாராவது கைவைத்திருந்தால் காட்டிக்கொடுப்பதுதான் அதன் ஒரே வேலை. ஒட்டிய வாயை உரித்தால் பசைப்பட்டையில் அடையாளம் விழுந்துவிடும். மறுபடி எவ்வளவு அழகாக அழுத்தி ஒட்டினாலும் அது மறையாது. அதனால்தான் ஆங்கிலத்தில் 'ப்ரூஃப்' என்று சொல்லாமல் 'எவிடென்ட்' என்கிறார்கள். தடுக்கிற பை வேறு, சாட்சி சொல்கிற பை வேறு. 'திறவாப் பை' என்று யாராவது எழுதி வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அதுவும் சரிவராது.

சாட்சி எதற்கு வேண்டியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் சொல் தேடுவது எளிது. 2006 ஆகஸ்ட் 10 அன்று, லண்டனிலிருந்து வட அமெரிக்கா போகும் விமானங்களைத் தகர்க்க நடந்த சதி அம்பலமானது. குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிபொருளை நிரப்பி எடுத்துப்போவது திட்டம். அன்றைக்கே கைப்பையில் திரவம் எதுவும் கூடாது என்று தடை வந்தது. சில வாரங்களில் அது தளர்ந்து, ஒரு புட்டிக்கு 100 மில்லி லிட்டர் என்ற கணக்காக மாறியது. அமெரிக்காவில் செப்டம்பர் கடைசியிலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் நவம்பர் 6-ஆம் தேதியும் அது நடைமுறைக்கு வந்தது. சரி, சோதனையைத் தாண்டி உள்ளே போன பிறகு கடையில் வாங்கும் முக்கால் லிட்டர் விஸ்கியை என்ன செய்வது? ஏறுவது ஒரே விமானம் என்றால் தொல்லையில்லை. நடுவில் வேறு நாட்டில் இறங்கி மறுபடி சோதனையைத் தாண்ட வேண்டுமென்றால், அங்கே நிற்கும் அதிகாரிக்கு இந்த பாட்டில் கடையிலிருந்து வந்ததா, கழிவறையில் வைத்து நிரப்பப்பட்டதா என்று எப்படித் தெரியும்? அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தப் பையை உலகம் முழுவதற்கும் பொதுவாக வகுத்தார்கள். ஒரு நாட்டுக் கடைக்காரர் ஒட்டித் தந்ததை இன்னொரு நாட்டுக் காவலர் நம்புவதற்கான ஏற்பாடு இது.

நம் இலக்கியத்தில் இதே காட்சி இருக்கிறது. அகநானூறு 77-ஆம் பாட்டில் 'கயிறு பிணிக் குழிசி ஓலை கொண்மார் பொறி கண்டு அழிக்கும் ஆவண மாக்கள்' வருகிறார்கள். கயிற்றால் கட்டிய குடத்தின் மேல் இட்ட பொறியை, அதாவது முத்திரையை, முதலில் பார்க்கிறார்கள். அப்புறம்தான் அதை அழித்து உள்ளே இருக்கும் ஓலையை எடுக்கிறார்கள். 'கண்டு அழிக்கும்' என்ற அந்த வரிசைதான் விஷயம். விமான நிலையத்தில் நடப்பதும் இதுவேதான். 'பொறிப்பை' என்று வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் இன்றைக்குப் பொறி என்றால் எலிப்பொறி. பாட்டிலை அதில் போட்டுத் தருகிறார்கள் என்றால் ஆள் வாங்கவே மாட்டார்.

ஆகவே என் பரிந்துரை 'முத்திரைப் பை'. முத்திரை என்றாலே அது பிரிக்கப்படாமல் போய்ச்சேர வேண்டியது என்ற எண்ணம் நம் மக்களுக்கு உண்டு. அரக்கு முத்திரை வைத்த பார்சல், வாக்குப்பெட்டி, வினாத்தாள் கட்டு என்று எல்லாம் பழக்கம்.

——————

ஐயாவின் விளக்கம் நன்று. எனக்கு ஒரு தடை.

முத்திரைப் பை என்றால் 'சீல்டு பேக்' மட்டும்தானே? பால் பாக்கெட்டும் சீல் வைத்ததுதான். 'எவிடென்ட்' எங்கே போயிற்று? மருந்து பாட்டில் மூடி, காஸ் சிலிண்டர், மின் மீட்டர் எல்லாவற்றிலும் இந்தக் கருத்து வருகிறது. பைக்கு மட்டும் பெயர் வைத்துவிட்டால் மூடிக்கு இன்னொரு விவாதம் நடத்த வேண்டியிருக்கும். திசைகாட்டி, வழிகாட்டி போல '-காட்டி' என்று முடியும் ஒரு சொல் வேண்டும். 'திறப்புகாட்டி' எப்படி?

(எங்கள் அலுவலகத்தில் கேட்டதற்கு ஒருவர் 'கைவரிசைகாட்டி' என்றார். குழுவின் பரிசீலனைக்கு.)

——————

கைவரிசைகாட்டிக்கு என் வாக்கு உண்டு, ஆனால் கையேட்டில் போட முடியாது.

> 'திறப்புகாட்டி' எப்படி?

-காட்டி நல்ல யோசனை. தடை நியாயமானது. ஆனால் 'திறப்பு' பற்றாது. பையைத் திறக்காமல் ஊசியால் குத்தலாம், அடியில் கீறி ஒட்டலாம். 'டேம்பர்' என்பதில் அத்தனையும் அடக்கம். தமிழில் அதற்கு நெருக்கமான வினை 'குலைத்தல்' என்று நினைக்கிறேன். கட்டுக் குலையாமல் வந்து சேர்ந்தது என்கிறோமே. எப்படிக் குலைத்தார்கள் என்று அது கேட்பதில்லை. எனவே பொதுக்கருத்துக்குக் 'குலைவுகாட்டி' என்று வைக்கலாம். குலைவுகாட்டி மூடி, குலைவுகாட்டிப் பட்டை என்று மற்ற இடங்களுக்கும் நீட்டிக்கொள்ளலாம். கலைச்சொல் பட்டியலில் 'குலைவுகாட்டி முத்திரைப் பை' என்று முழுசாக இருக்கட்டும். கையேட்டில் 'முத்திரைப் பை' போதும். பட்டியலில் இருப்பதையெல்லாம் பயணி தலையில் ஏற்ற வேண்டியதில்லை. 'முத்திரை குலைந்தால் பாட்டிலைப் பறித்துவிடுவார்கள்' என்று ஒரு வாக்கியம் எழுதினால் 'எவிடென்ட்' அதில் தானாக வந்துவிடுகிறது.

டூட்டி ஃப்ரீக்கு வருகிறேன். முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பட்டம். தொள்ளாயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் சொல் தயாராக இருந்திருக்கிறது! 'சுங்கம் தவிர்த்த கடை' என்று எழுதுங்கள் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. ஆனாலும் அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தவிர்ந்தது புறப்படும் நாட்டின் வரி மட்டுமே. இறங்கும் நாட்டின் சுங்கம் அங்கே காத்திருக்கிறது. இந்தியாவுக்குள் வரும்போது ஒருவருக்கு 2 லிட்டர் மதுவரை வரியில்லை. அமெரிக்காவில் 21 வயது நிரம்பியவருக்கு 1 லிட்டர். 'சுங்கம் தவிர்த்தது' என்று எழுதிவிட்டால் நாலு பாட்டிலோடு போய் இறங்கி, பலகையில் அப்படித்தானே போட்டிருந்தது என்று சண்டை பிடிப்பார்கள். எந்தச் சொல்லை வைத்தாலும் அடுத்த வரியில் இந்த அளவைச் சொல்லிவிடுங்கள்.

——————

வணக்கம், கொழும்பிலிருந்து எழுதுகிறேன்.

எங்களுக்கு இதில் சிக்கலே இல்லை. 'தீர்வையற்ற' என்பது இங்கே நாளாந்தப் பத்திரிகைச் சொல். தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரம் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பற்றி எழுதி எழுதியே அது எல்லோருக்கும் பாடமாகிவிட்டது. தீர்வையற்ற கடை என்றால் பாட்டிமாருக்கும் விளங்கும். அதுபோல பாட்டில் என்று நீங்கள் எழுதுவதை நாங்கள் போத்தல் என்போம். கையேடு எங்கள் ஆட்களுக்கும் போகுமென்றால் யோசியுங்கள் தங்கச்சி. கட்டுநாயக்க விமான நிலையத்தில் சாராயப் போத்தல் வாங்கிக்கொண்டு இலண்டன், டொரொண்டோ என்று மாறி மாறிப் போகிறவர்கள் எங்களிலும் நிறையப் பேர்.

——————

தீர்வையற்ற கடைக்கு நான் முழுச் சம்மதம். தமிழ்நாட்டில் அது அந்நியமும் இல்லை. மதுவைக் கண்காணிக்கும் துறையின் பெயரே 'மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை'தான். 'வரியில்லா' என்று போட்டால் எந்த வரி என்ற கேள்வி வரும். தீர்வை என்றால் வராது. முதல் இடத்தில் மட்டும் 'தீர்வையற்ற கடை, அதாவது டூட்டி ஃப்ரீ' என்று எழுதிவிடுங்கள். பலகையில் இருக்கும் ஒலியையும் ஆள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். போத்தல் நல்ல சொல், ஆனால் சென்னையில் இப்போது அதை யாரும் சொல்வதில்லை. கொழும்பு அண்ணனுக்காக இலங்கைப் பதிப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

ட்ரான்சிட்டுக்குப் பெரிய சொல் வேண்டாம். 'துபாயில் மாறிப் போகிறேன்' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். 'விமானம் மாறும் ஊர்' போதும். கனெக்டிங் ஃப்ளைட்டுக்கு 'இணைப்பு விமானம்' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.

ஃபைனல் டெஸ்டினேஷன்தான் ஆபத்தான இடம். பையிலேயே அது வரை திறக்காதே என்று அச்சடித்திருக்கும். அதை 'போய்ச் சேரும் வரை பிரிக்காதீர்கள்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தங்கச்சி. எழுபது வயதுக்காரரிடம் போய்ச் சேருவதைப் பற்றிப் பேசக் கூடாது. 'இறுதிப் பயணம்', 'இறுதி இலக்கு' எல்லாம் அதே ரகம். 'பயணம் முடியும் வரை' என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஆனால் 'பயணம்' எங்கே முடிகிறது என்பதைக் கையேடு சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பாட்டில்கள் பறிபோகின்றன. சென்னையிலிருந்து பிராங்பர்ட் வழியாக சான் பிரான்சிஸ்கோ போய், அங்கிருந்து போர்ட்லண்ட் போகும் ஒரு அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். மருமகனுக்கு ஒரு விஸ்கி, சென்னைக் கடையில் வாங்கியது, முத்திரைப் பையில் இருக்கிறது. பிராங்பர்ட்டில் விமானம் மாறும்போது மறுபடி சோதனை. முன்பெல்லாம் பெரும்பாலான வெளிநாட்டு பாட்டில்களை ஐரோப்பாவில் அந்த இடத்தில் பிடுங்கிப் போட்டார்கள். 2014 ஜனவரி 31 முதல், முத்திரை குலையாமலும் ரசீது உள்ளேயும் இருந்தால், கருவியில் சோதித்துவிட்டு அனுப்புகிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் குடியேற்றச் சோதனை முடித்துப் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைத் தாண்டிய பிறகு, போர்ட்லண்டுக்கு மறுபடி பெட்டியைப் போட வேண்டும். அந்த அம்மாவுக்குக் கிடைக்கும் வரம் அதுதான். பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். கையிலேயே வைத்துக்கொண்டால் உள்நாட்டுச் சோதனையில் மறுபடி முத்திரை பார்ப்பார்கள், 48 மணி நேரத்துக்குள் வாங்கியதா என்று ரசீது பார்ப்பார்கள், கருவி சந்தேகப்பட்டால் பாட்டில் போனதுதான். பீங்கான் ஜாடி, உலோகக் குடுவை போன்றவற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று கருவியால் பார்க்க முடியாது, அவற்றை விடவே மாட்டார்கள். பரிசு மது பல அழகான பீங்கானில்தான் வருகிறது. இதை ஒரு பெட்டிச் செய்தியாகவே போடலாம்.

வெளிநாட்டிலிருந்து மும்பையில் இறங்கி மதுரைக்கு மாறுகிறவருக்கும் ஏறக்குறைய இதே வாய்ப்பு உண்டு. முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கத்தைத் தாண்டுவதால் பாட்டிலை அங்கேயே பெட்டிக்கு மாற்றிவிடலாம். சிங்கப்பூரில் வேறு விதம். சாங்கி விமான நிலையத்தின் முதல் மூன்று முனையங்களில் சோதனை விமானக் கதவுக்குப் பக்கத்தில் நடக்கிறது. கடைகள் அதற்கு முன்னால் இருக்கின்றன. அதனால் மாறிப் போகாதவருக்கும் அங்கே முத்திரைப் பை அவசியம்.

பெட்டியில் வைப்பதற்கும் ஓர் அளவு உண்டு: 24 முதல் 70 சதவீதம் ஆல்கஹால் உள்ளவை ஆளுக்கு 5 லிட்டர் வரைதான், அதுவும் கடையில் வாங்கிய கட்டிலேயே. 70-க்கு மேல் உள்ளதைப் பெட்டியிலும் கையிலும் எடுத்துப்போக முடியாது. நல்லவேளை, நம்மவர் வாங்குவது பெரும்பாலும் 40-ஐ ஒட்டியே நிற்கிறது. இன்னொன்று, பையைப் பிரித்து விமானத்திலேயே ஊற்றிக்கொள்ள நினைப்பவர் இருப்பார். பணியாளர் ஊற்றித் தராமல் சொந்த மதுவைக் குடிப்பது அமெரிக்க விதிப்படி குற்றம், மற்ற விமானங்களிலும் பெரும்பாலும் விடுவதில்லை. கையேட்டில் இதற்கு ஒரு வரி போதும், அறிவுரை வேண்டாம்.

——————

எல்லோருக்கும் நன்றி. பக்கத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்:

'தீர்வையற்ற கடையில் (டூட்டி ஃப்ரீ) வாங்கும் பாட்டிலை முத்திரைப் பையில் போட்டு ஒட்டச் சொல்லுங்கள். ரசீது வெளியே தெரியும்படி உள்ளே இருக்க வேண்டும். பயணம் முடியும் வரை பிரிக்காதீர்கள். முத்திரை குலைந்தால், விமானம் மாறும் ஊரில் பாட்டிலைப் பறித்துவிடுவார்கள். நடுவில் உங்கள் பெட்டி கைக்கு வந்தால் பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.'

குலைவுகாட்டி சொற்பட்டியலுக்குப் போகிறது. அடுத்த பக்கத்தில் 'ஜெல்' வருகிறது. கூழ், களி, பாகு என மூன்றையும் எழுதிப் பார்த்தேன், மூன்றுமே சாப்பாடாகத்தான் இருக்கின்றன.

——————

ஜெல்லுக்குத் தனி இழை தொடங்குங்கள். இதிலேயே நெய்யையும் அல்வாவையும் இழுத்தால் அச்சகத்துக்கு இந்த மாதம் போக மாட்டீர்கள். அப்புறம் அந்த முதல் வாக்கியத்தில் 'ஒட்டச் சொல்லுங்கள்' என்பதற்கு முன்னால் 'இணைப்பு விமானம் இருக்கிறது என்று சொல்லி' என்று சேர்த்துவிடுங்கள். கேட்காவிட்டால் சில கடைகளில் சாதாரணப் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.