ஊதாக் கத்தரி, சிவப்புக் கீரை, மலராத காலிஃபிளவர்: தோட்டத்திலும் சமையலறையிலும் கண்டவை

ஈசூன் உறுப்பினர்:

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழுள்ள சமூகத் தோட்டத்தில் ஊதாக் கத்தரியும் பச்சைக் கத்தரியும் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் வளர்கின்றன. இரண்டிலும் ஒரே ஊதா நிறப் பூக்கள்தான். காய்கள் மட்டுமே வேறு. பச்சைக் காய் காய்க்கும் செடிக்கு ஊதா நிறமியான ஆந்தோசயனினை உண்டாக்கத் தெரியாமல் இல்லை என்பதற்கு அதன் பூவே சாட்சி. பூவிதழில் வேலை செய்யும் ஏற்பாடு காயின் தோலில் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். அந்த ஏற்பாட்டைத் தேடிப் படித்தபோதுதான் எம்ஒய்பி என்னும் மரபணுக் குடும்பம் எனக்கு அறிமுகமாயிற்று. இக்குடும்பத்தைச் சேர்ந்த சில புரதங்கள், பிஎச்எல்எச் என்னும் இன்னொரு குடும்பத்தின் புரதங்களோடு சேர்ந்து, நிறமியை உருவாக்கும் நொதிகளுக்குரிய மரபணுக்களை இயக்குகின்றன. தாவரங்களில் இவ்வகை எம்ஒய்பி மரபணு முதன்முதலாக 1987இல் மக்காச்சோளத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. மரபியலின் முன்னோடியான மெண்டல் தம் தோட்டத்தில் ஊதாப் பூப் பட்டாணியையும் வெள்ளைப் பூப் பட்டாணியையும் கலந்து ஆராய்ந்தாரே, அந்த வேறுபாட்டுக்குக் காரணமான மரபணு பிஎச்எல்எச் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது 2010இல்தான் தெரியவந்தது. அவர் 1866இல் வெளியிட்ட கட்டுரைக்கு இத்தனை காலம் கழித்து மூலக்கூற்று விளக்கம் கிடைத்தது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே சிலிர்க்கிறது.

நீங்களும் செய்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். தேக்கா சந்தையில் ஊதாக் கத்தரிக்காய் வாங்கும்போது, காம்பை ஒட்டிக் காயை மூடியிருக்கும் பச்சைப் புல்லிவட்டத்தை மெல்ல விலக்கிப் பாருங்கள். பல வகைகளில் அதன் கீழிருக்கும் தோல் வெளிறி, ஏறத்தாழ வெண்மையாக இருக்கும். அந்த இடத்தில் வெளிச்சம் படவில்லை. இருட்டில் சிஓபி1 என்னும் புரதம், நிறமியாக்கத்தைத் தூண்டும் எச்ஒய்5 என்னும் புரதத்தைச் சிதைவுக்கு அனுப்பிவிடுகிறது. வெளிச்சம் பட்டால் எச்ஒய்5 நிலைத்துநின்று எம்ஒய்பி முதலிய மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. புல்லிவட்டத்தின் கீழும் ஊதாவாகவே இருக்கும் வகைகளும் உண்டு. அவற்றில் நிறம் வெளிச்சத்தை இந்த அளவுக்குச் சார்ந்திருப்பதில்லை. வெப்பம் மிகுந்தால் ஆந்தோசயனின் உருவாவது குறையும் என்பது பல பயிர்களில் கண்டறியப்பட்டிருப்பதால், நம் ஏப்ரல், மே மாத வெயிலில் காய்கள் மங்கலாக வந்தால் உரத்தை மட்டும் குறைசொல்ல வேண்டியதில்லை என்பது என் கருத்து.

புக்கிட் பாத்தோக் உறுப்பினர்:

ஈசூன் அண்ணன் கத்தரியைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டுச் சிவப்புக் கீரையைப் பற்றிச் சொல்லத் தோன்றியது. ஊதாப் பயற்றங்காயை வதக்கினால் பச்சையாகிவிடுகிறது. கீரையை வேகவைத்தாலோ சோறு முழுவதும் சிவக்கிறது. இரண்டு நிறங்களும் வெவ்வேறு நிறமிகளால் ஆனவை. பயற்றங்காயில் இருப்பது ஆந்தோசயனின். கீரையிலும் பீட்ரூட்டிலும் இருப்பது பீட்டாலெய்ன். இயற்கையில் எந்தச் செடியும் இவ்விரண்டையும் சேர்த்து உண்டாக்குவதாக இதுவரை அறியப்படவில்லை. என்னை மிகவும் வியக்கவைத்தது வேறொன்று. பீட்ரூட்டின் சிவப்பைக் கட்டுப்படுத்தும் மரபணு, பிற செடிகளில் ஆந்தோசயனினைக் கட்டுப்படுத்தும் அதே எம்ஒய்பி கிளையைச் சேர்ந்தது என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. நிறமி முற்றிலும் மாறிவிட்ட பிறகும் பழைய குடும்பத்தின் கையிலேயே அதிகாரம் தங்கியிருக்கிறது.

தெம்பனிஸ் உறுப்பினர்:

நான் தொடக்கக் கல்லூரியில் உயிரியல் கற்பிக்கிறேன். பூவின் உறுப்புகள் தோன்றும் விதத்தை விளக்க ஆண்டுதோறும் வகுப்புக்கு ஒரு காலிஃபிளவரைக் கொண்டுசெல்வேன். புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் ஆகிய நான்கு வட்டங்களும் மூன்று வகை மரபணுக்களின் சேர்க்கையால் தீர்மானிக்கப்படுகின்றன என்ற கருத்தைக் தாவர மரபியலாளர்களான கோயனும் மையரோவிட்ஸும் 1991இல் முன்வைத்தனர். அம்மரபணுக்களில் பெரும்பாலானவை மேட்ஸ்-பாக்ஸ் என்னும் மரபணுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் பாடப்புத்தகத்தில் உள்ள வட்டப் படத்தைவிடக் காலிஃபிளவரின் ஒரு துண்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்க்கும்போதே மாணவர்களின் கண்கள் விரிகின்றன. நாம் உண்ணும் வெள்ளைப் பகுதி, பூவாக மாறத் தொடங்கி, மாற முடியாமல், மீண்டும் தண்டின் வளர்நுனியாகித் திரும்பத் திரும்பக் கிளைத்த திசு. ஆய்வுகளில் மாதிரியாகப் பயன்படும் சிறு செடியான அராபிடாப்சிஸில் ஒன்றுக்கொன்று நெருங்கிய இரண்டு மேட்ஸ்-பாக்ஸ் மரபணுக்களும் செயலிழந்தால் அச்செடியிலும் குட்டிக் காலிஃபிளவர் போன்ற பூங்கொத்து தோன்றுகிறது. அவ்விரண்டில் ஒன்றுக்குக் காலிஃபிளவர் என்றே பெயர். தோட்டக் காலிஃபிளவரிலும் அந்த மரபணு பழுதுபட்டிருப்பதை 1995இல் கண்டறிந்தார்கள்.

ஐரோப்பியக் காலிஃபிளவர் விதையை இங்கே வளர்த்து, இலை மட்டுமே கிடைத்ததாகச் சில நண்பர்கள் என்னிடம் வருந்தியிருக்கிறார்கள். முட்டைக்கோசுக் குடும்பத்துச் செடிகளில் பூத்தலைத் தடுத்துவைக்கும் எஃப்எல்சி என்னும் மரபணுவும் மேட்ஸ்-பாக்ஸ் குடும்பத்ததே. நீண்ட குளிர்தான் அதைப் படிப்படியாக அடக்குகிறது. இரவிலும் பெரும்பாலும் 23 பாகைக்குக் கீழே இறங்காத நம் ஊரில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? வெப்பச் சமவெளிகளுக்கென இந்தியாவில் உருவான வகைகளை முயன்று பார்க்கலாம்.

பேரங்காடியில் கிடைக்கும் வண்ணக் காலிஃபிளவர்களைப் பற்றி ஒரு மாணவி கேட்டதால் இதையும் சேர்க்கிறேன். ஊதா வகையில், இடம்பெயரும் டிஎன்ஏ துண்டு ஒன்று எம்ஒய்பி மரபணு ஒன்றின் முன்பகுதியில் வந்து அமர்ந்ததால் அது ஓயாமல் இயங்குகிறது. ஆரஞ்சு வகைக்கும் இடம்பெயரும் துண்டுதான் காரணம். ஆனால் அது நுழைந்த மரபணு எம்ஒய்பி, மேட்ஸ்-பாக்ஸ் ஆகிய இரு குடும்பங்களையும் சேர்ந்ததன்று. அங்கே சேர்வது ஆந்தோசயனினும் அன்று, கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டீன்.