முளைப்பயறு சுவாசச் சோதனை: குழாயில் நீர் ஏறவில்லை

பச்சையம்: கூம்புக் குடுவையில் முளைகட்டிய பச்சைப்பயறு, வளைகுழாயின் மறுமுனை பீக்கர் தண்ணீரில். 3 மணி நேரமாகியும் நீர் ஏறவில்லை. பயறு செத்துவிட்டதா?

ஆய்வகவாசி: கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வைத்தீர்களா? மாவுச்சத்தைச் சிதைக்கும் விதை, எடுத்த ஆக்சிஜன் அளவுக்கே கார்பன் டை ஆக்சைடு விடும் (சுவாச ஈவு 1). அதை உறிஞ்சி எடுக்காவிட்டால் குடுவைக் காற்றின் கன அளவு குறையாது, நீர் எப்படி ஏறும்? சிறு சோதனைக்குழாயில் 20% கரைசலை ஊற்றி, நூலில் கட்டிக் குடுவைக்குள் தொங்கவிடுங்கள். கையில் படக்கூடாது, விதைமேல் சிந்தினால் விதை காலி.

பச்சையம்: அதைத்தான் விட்டுவிட்டேன். பயறு காயாமலிருக்க அடியில் தண்ணீர் ஊற்றலாமா?

வேர்முடிச்சு: வேண்டாம், ஈரப்பஞ்சு போதும். மூழ்கினால் ஆக்சிஜன் கிடைக்காமல் நொதித்தலுக்குப் போய்விடும். அதில் ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) தான். ஆக்சிஜனோடு மைட்டோகாண்ட்ரியா (செல்லின் ஆற்றல் நிலையம்) வழியென்றால் 30–32. அடைப்பான் ஓரத்தில் வாசலின் தடவுங்கள், பாதித் தோல்விக்குக் கசிவே காரணம். ஒப்பீட்டுக்கு வேகவைத்த பயறு வைப்பீர்களானால் கிருமிநாசினியில் நனைத்து வையுங்கள். இல்லாவிட்டால் பாக்டீரியா சுவாசித்து அங்கேயும் நீர் ஏறும்.